பாத்ரூம் வாசல் கட்டையை உடைத்த ஞாயிறு

எங்கள் வீட்டு பாத்ரூம் வாசலில் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்ட் கட்டை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் காலை இடித்துக்கொண்டு 'அம்மாடி' என்று ஒரு சத்தம் போடுவார்கள். நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். கட்டியது என் வீட்டுக்காரர்தான். செவ்வாப்பேட்டையில் எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. பெரிய மழை பெய்தால் தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே பாத்ரூம் சாக்கடைக் குழாய் வழியாக எதிர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஒரு வருஷம் அப்படி வந்து அரிசி, துணி, மெத்தை எல்லாம் நாசமாகப் போனது. அதற்குப் பிறகு கொத்தனாரைக்கூட நம்பாமல் அவரே ஜல்லி கலந்து போட்ட கட்டை அது. அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தக் கட்டையோடு நின்றது. அன்றைக்கு அவர் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா! தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் எலெக்ட்ரீஷியன். திருவள்ளூரிலிருந்து ஆவடி வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். போன வருஷம் ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்ட்ரோக். உயிர் தப்பியதே பெரிசு. வலது கை தொங்கிவிட்டது, வலது கால் பாதி வேலை செய்தது, பேச்சு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கியது. அந்த ஒற்றை வார்த்தையும் எது தெரியுமா? 'வாணாம்.' இட்லியா, வாணாம். டிவியா, வாணாம். நான்கு கால் வைத்த வாக்கர் ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அதற்கும் வாணாம். சேலை தோய்த்துக் காயப்போட மட்டும் அது எனக்கு உபயோகப்பட்டது.

நான் காக்களூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டுகிறேன். காலையில் அவரைத் தோளில் சாய்த்து அந்தக் கட்டையைத் தாண்டவைத்து, பாத்ரூம் போகவைத்து, குளிப்பாட்டி, நாஷ்டா கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றது. தங்கமான மனுஷி. ஆனால் இந்த மனுஷன் இருக்கிறாரே, அவருக்கு மானம் பெரிசு. அக்கா கையைப் பிடித்து பாத்ரூமுக்குப் போவதா என்று, நான் திரும்பி வருகிறவரைக்கும் தண்ணீரே குடிக்காமல் இருந்தார். எனக்கு இது தெரியவே தெரியாது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். மூத்திரத்தில் கிருமி, தண்ணியே குடிக்கிறதில்லையா, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அப்போதுதான் தோன்றியது. அந்தக் கட்டை மட்டும் இல்லையென்றால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவரே உள்ளே போகலாம், யார் தயவும் வேண்டாம். சாய்தளம் போடலாம் என்றால் எங்கள் பாத்ரூமுக்குள் ஒரு ஆள் திரும்பவே இடம் பத்தாது. உடைப்பது ஒன்றுதான் வழி. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தார், "இத்தினிக்காண்டி வேலையா?" என்று கேட்டார், அடுத்த வாரம் என்றார், காணாமல் போனார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. எல்லாரையும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடோன் கட்ட வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு வந்ததே கோபம். நாள் முழுக்க பிரஸ் ஓட்டுகிறவளுக்கு ஒரு கட்டையை உடைக்கத் தெரியாதா?

அவரிடம் சொன்னேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே சொன்னார், "வாணாம்." அந்தத் தடவை அதில் கொஞ்சம் காரம் இருந்தது. தான் கட்டிய கட்டை ஆயிற்றே என்ற வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் மெஷின் வாடகைக்கு விடுகிற கடைக்குப் போனேன். கான்கிரீட் உடைக்கிற கரண்ட் மெஷினை அங்கே பிரேக்கர் என்கிறார்கள். கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா ஓட்றது?"

"நான்தான்."

"ஊட்ல ஆம்பள இல்லியா?"

"கீறாரு. அவருக்காவத்தான் ஒடைக்கிறேன்."

மனுஷன் மெஷினைத் தரையில் வைத்துப் பொறுமையாகக் காட்டினார். "யக்கா, இத்த தூக்கிக் குத்தாத. அதும் வெயிட்டே போதும், நீ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு நின்னா சரி. நடுவுல குத்தாத, உளி மாட்டிக்கும். ஓரத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கினு வா. இடுப்புக்கு மேல தூக்கவே கூடாது. அப்பால, பிளக்கு பெருசாக்கீதுன்னு வெட்டிட்டு, ஒயர ஓட்டையில உட்டு தீக்குச்சி சொருவுவாங்க பாரு, அந்த வேல வாணவே வாணாம்."

"எங்க ஊட்டுக்காரு எலெக்ட்ரீஷியன்யா. எங்கிட்டயே தீக்குச்சி கத சொல்றியா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டது, "இன்னாடி, ஊட்ட இடிக்கப் போறியா, புருசன இடிக்கப் போறியா?"

"மொதல்ல ஊடு. அவரு அடங்கலன்னா அப்பால அவரு."

எங்கள் கம்பெனியில் வாரம் தவறாமல் சேஃப்டி வகுப்பு உண்டு. அங்கே சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. வளையலைக் கழற்றினேன். அவருடைய பழைய பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டேன். தாலிச் செயினைச் சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தான் வரைக்கும் மாட்டினேன். கொண்டையை இறுக்கித் துணி கட்டினேன். கம்பெனி ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காதுக்குப் பஞ்சு மாதிரி இருக்கிற அடைப்பான், கைக்கு உறை. தண்ணீர்க் குழாயை மூடி, தரையை ஈரம் இல்லாமல் துடைத்தேன். தூசி ஹாலுக்கு வராமல் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டினேன். கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கினேன். கட்டைக்குள் ஒயர் இருந்தாலும் கரண்ட் இருக்காது அல்லவா? மெஷினுக்குக் கரண்ட் அக்கா வீட்டு ஏசி பிளக்கிலிருந்து. அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தடித்த கேபிளை இழுத்து, எங்கள் ஹால் வாசல் ஓரமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷினைச் செருகினேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில் எனக்கே என்மேல் பெருமை. அவர் கட்டிலில் ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு ஒரு கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினைப் போட்டேன். ஆத்தாடி! முதல் அடியிலேயே பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது. பிறகு பழகிவிட்டது. ஓரத்திலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பார்த்தால் கம்பி வேறு போட்டிருக்கிறார் மனுஷன். ஒரு பாத்ரூம் கட்டைக்குக் கம்பி எதற்கு? மேம்பாலமா கட்டினார்? திட்டிக்கொண்டே உடைத்தேன். ரொம்ப நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கை வழியாக இறங்கின மாதிரி இருந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ கத்துகிறார் என்று அரைகுறையாகக் காதில் பட்டது. கட்டை போகிறதே என்று கத்துகிறார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். மேல் பாதி போய், ஓர் ஓரத்தில் உளி தரை மட்டத்துக்கும் கீழே இறங்கியது.

திடீரென்று மெஷின் நின்றது.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். உயிரே இல்லை. அக்கா வீட்டில் கரண்ட் போய்விட்டது போல என்று நினைத்து, மெஷினைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, காதடைப்பைப் பிடுங்கிக்கொண்டு சேலையை விலக்கினேன்.

கட்டில் காலியாக இருந்தது. அவர் ஹால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாக்கரின் மேல் மொத்த உடம்பையும் சாய்த்து, வேர்த்துக் கொட்ட, இடது கையில் மெஷினின் பிளக்கைப் பிடித்தபடி நின்றார். அதன் மேல் நான் காயப்போட்டிருந்த ரவிக்கை வாக்கரோடு தரையில் இழுபட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் பிசியோ பண்ணுகிற பெண் எத்தனை கெஞ்சினாலும் வாக்கரில் ஓர் அடி வைக்காத மனுஷன்!

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "யோவ், நீ கட்ன கட்டன்னா உனுக்கு நடக்கக்கூட வந்துடுதா? நான் கூப்ட்டா வராது, டாக்டர் கூப்ட்டா வராது, சிமெண்ட்டு கூப்ட்டா வந்துடும், இல்ல?"

அவர் பிளக்கைக் கீழே போட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி மேலே காட்டினார்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன்தானே? சுத்தினா இன்னா இப்போ?"

கையை இறக்காமல் நின்றார். எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மெயினை இறக்கியாயிற்று. ஆனால் ஃபேன் சுற்றுகிறது. இன்வெர்ட்டர்! எங்கள் ஏரியாவில் கரண்ட் போவதும் ஃபேன் நிற்காமல் சுற்றுவதும் சர்வ சாதாரணம், அதனால் யாரும் கவனிப்பதே இல்லை. மெயினை இறக்கினதும் இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பேட்டரியில் தன் வேலையைச் சமர்த்தாகச் செய்துகொண்டிருக்கிறது. பாத்ரூம் லைட்டும் கொல்லை லைட்டும் அந்த லைனில்தான்.

அவர் வாக்கரைத் தள்ளித் தள்ளி அலமாரிப் பக்கம் போய் இன்வெர்ட்டரை அணைத்தார். ஃபேன் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது.  பிறகு அவர் என் பக்கம் திரும்பி, உடைத்த இடத்தைக் காட்டி, "கீழ" என்றார். "பைப்பு. மெதுவா."

வாணாம் தவிர வேறு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று! சின்ன உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, கையாலேயே மெதுவாகக் கொத்தினேன். இரண்டு விரல் ஆழத்தில் சாம்பல் நிறத்தில் ஒயர் குழாய் தெரிந்தது. கொல்லை லைட்டுக்குப் போகிற லைன். புதுச் சுவரைக் கொத்த மனசு வராமல், தரை போடும்போதே குழாயைப் புதைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அந்தக் குழாயின் முதுகில் ஒரு கீறல். மெஷின் உளி உரசிய கீறல். இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக்கூடக் கை வரவில்லை.

அப்படியே தூசியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். "வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அவருக்கும் புரிந்தது. பாதி வாயால் சிரித்தார் பாருங்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் சத்தத்தைக் காணோமே என்று எட்டிப் பார்த்த அக்கா, இரண்டு பேரும் தூசியில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இன்னா மெண்டலாயிட்டீங்களா?" என்றது.

அதற்குப் பிறகு அவர்தான் மேஸ்திரி. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இடது கையால் உத்தரவு போட்டார். இங்க. இல்ல. இங்க. நிறுத்து. குழாய் போகிற இடத்தில் கை உளி, மற்ற இடத்தில் மெஷின். ஒயர்க்காரப் பையன்கள் இரண்டு பேர் அவரிடம் முன்னே வேலை செய்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டு அந்த லைனைச் சுவர் மேலாக மாற்றினோம். அவர்களையும் நாற்காலியில் இருந்தபடியே வேலை வாங்கினார். மழைத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பக்கச் சுவரிலும் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அங்கே மேலிருந்து கீழாகக் காடிப் பள்ளம் எடுத்துவைத்திருக்கிறோம். மழை வந்தால் ஒரு பலகையைச் செருகி, ஓரத்தில் களிமண் அப்பினால் போதும். மழை இல்லாதபோது வழி சமதரை.

சிமெண்ட் பூசி, காய்ந்து, பலமாகிவிட்டது என்று அவரே தட்டிப் பார்த்துச் சொன்ன காலை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் போக, நான் பழக்க தோஷத்தில் தோளைக் கொடுத்தபடியே பின்னால் போனேன். வாசலில் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு?" என்றார். "போமே."

கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுகிற சத்தம். ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். "யோவ், டேங்க்கு காலியாவுது! எனுக்கு ரயிலுக்கு டைமாவுது!" என்று கத்தினேன்.

"போய்ட்டு வா," என்றார் உள்ளே இருந்து. "நான் பாத்துக்கிறேன்."

ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ரயில் வந்ததும் ஏறிப் போனேன்.