அம்ஷா வீட்டில் ஆறிய காப்பி

அம்ஷாவுக்கு வாய் நீளம் என்று கரக் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாமல் இருந்தால் அவள் எப்போதோ யார் வீட்டு அடுப்படியிலோ முடங்கியிருப்பாள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா இல்லையா?

பட்டாளத்தில் லாரி ஓட்டிய புருஷன் பாலைவன நெடுஞ்சாலையில் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது, மகன் ஸகர் கைக்குழந்தை. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த கையோடு அண்ணன் முஸ்லிஹ் வந்து நின்றான். "மூட்டையக் கட்டு, என் வீட்டுக்கு வா" என்றான். "எனக்குன்னு வீடு இருக்கு, கதவு இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. நீ போய்ட்டு வா" என்றாள் அம்ஷா. அழகு நிலையம் வைக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது குதிகுதியென்று குதித்தான். அவளோ வாசல் பலகையில் தன் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினாள். கோபித்துக்கொண்டு போனவன், தன் மகளை மணப்பெண்ணாக அலங்கரிக்க ஆள் வேண்டும் என்றபோதுதான் அந்தப் படியை மறுபடி மிதித்தான். அம்ஷா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. பெண்ணை மட்டும் ராணி மாதிரி அனுப்பி வைத்தாள்.

மலைமேல் ஊர், குளிர்காலத்தில் காற்று எலும்பைத் துளைக்கும். முடி உலர்த்தும் இயந்திரமும் வெந்நீர்க் கொதிகலனும் இல்லாமல் அவள் தொழில் இல்லை. மின்கட்டணம் ஏற ஏற, வீட்டுக்குள் ஒரே ஒரு விளக்கோடு மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து பழகினாள். அந்த வருஷம் ஊரே இதைத்தான் பேசியது. எகிப்திலிருந்து வரும் எரிவாயுக் குழாய் வெடித்ததுதான் காரணம் என்பான் டாக்சிக்காரன். இல்லை, வரிதான் என்பான் ரொட்டிக் கடைக்காரன். மின் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தம்தான் என்று அவள் கடையில் சாயம் பூசிய தலையோடு உட்கார்ந்து டீச்சரம்மா சண்டை போடுவாள். நாடாளுமன்றம் கெட்டது போங்கள்!

ஒருநாள் காலை, வானொலியில் மக்கள் குறை கேட்கும் நிகழ்ச்சி. விருந்தினர், அந்த வட்டாரத்து எம்.பி. ராக்கான்; மரியாதைக்கு எல்லாரும் 'பேக்' என்பார்கள். அம்ஷா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன் போட்டாள்.

"கரக்ல இருந்து அம்ஷா பேசுறேன், அழகு நிலையம் வச்சிருக்கேன். ஒரே கேள்விதான் பேக். நான் எரிக்கிற அளவு ஏறல. பில்லு மட்டும் ஏன் ஏறுது?"

"எந்தப் பகுதி நீங்க?"

"கிழக்குச் சரிவு."

"அட, கிழக்குச் சரிவா!" ராக்கான் சிரித்தார். "அங்க ஒரு வீடு பாக்கியில்லாம கம்பியில கொக்கி போட்டுத்தானே எரியுது? நீங்க திருடுற கரண்டுக்குத்தான் நாடே தண்டம் அழுவுது சகோதரி. முதல்ல கொக்கியக் கழட்டுங்க, அப்புறம் கேள்வி கேளுங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அவள் 'கொக்கி அம்ஷா' ஆகிவிட்டாள். ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் போன் செய்து, "திருட்டுக் கரண்டுல உலத்துன முடியோட எம்பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போக வேண்டாம்மா" என்றாள். அடுத்து இன்னொருத்தி. கல்யாண சீசனே கைவிட்டுப் போயிற்று. அன்றைக்கு அம்ஷா கடையைச் சாத்திவிட்டு அழுதாள். துக்கம் பாதி, கோபம் பாதி. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே போய் ராக்கான் மேல் அவதூறு வழக்குப் போட்டாள்.

வழக்கைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. தேர்தலும் நெருங்கியது. அதற்குள் ராக்கான் வழக்கை முடித்தாக வேண்டும். நம் ஊரில் இதற்கென்று ஒரு வழி உண்டே, ஜாஹா! பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு எதிராளி வீட்டுக்குத் தூது போவது. வந்தவர்கள் காப்பிக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைப்பார்கள். வீட்டுக்காரன் "காப்பியக் குடிங்க, நீங்க கேட்டது கிடைச்சாச்சு" என்று சொன்னால் எல்லாம் சுபம். என்ன சொல்வது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருக்கும். இந்த முறை பேசி முடித்தது முஸ்லிஹ்.

"சாயந்தரம் அஸர் தொழுக முடிஞ்சு வர்றாங்க. காப்பிய நல்லா வறுத்து வை" என்றான்.

"என்ன சொல்றதா ஏத்துக்கிட்டே?"

"வழக்க வாபஸ் வாங்குறோம்."

"அவன் என்ன சொல்வான்?"

"அவரு வர்றதே நமக்கு மரியாதைதான?"

அம்ஷா காப்பிக் கொட்டையை வறுக்க எடுத்தாள். முஸ்லிஹ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் பாருங்கள், கூடப் பிறந்தவனுக்கே அவளைத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள். ராக்கான் சும்மா வரவில்லை. தன் செல்வாக்கைக் காட்ட வேண்டுமே, வட்டாரத்தின் பெரிய தலைகளையெல்லாம் கூட்டி வந்திருந்தார். முன்னால் நடந்து வந்தவர் குலத்தலைவரான ஷேக், கிழவர் அபூ மித்இப். முன்னால் வைத்த காப்பியைக் குடிக்காமல் திரும்பிப் போன கதை அவர் ஆயுளிலேயே கிடையாது. கிண்ணங்கள் வந்தன. அவர் வாங்கி முன்னால் வைத்தார். எல்லாரும் வைத்தார்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்து, குடும்பத்தைப் புகழ்ந்து, கிழவர் தாங்கள் வந்த காரியத்தைச் சொன்னார். முஸ்லிஹ் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"காப்பிய..."

"ஆறட்டும்" என்றாள் அம்ஷா.

வாசற்படியில் நின்றிருந்தாள். கூடாரம் மொத்தமும் திரும்பியது. முஸ்லிஹ் முகம் சுருங்கிப் போயிற்று. "உள்ள போ, மானத்த வாங்காத!" என்று பல்லைக் கடித்தான்.

"மானம் போனது எனக்கு அண்ணே. அத நீ வித்துக் குடுக்க முடியாது. ஷேக் அவங்களே, எங்க வீட்டுக்கு வந்ததுக்கு உங்க தாடிய மதிக்கிறேன். ஆனா இந்த மனுஷன் என்னத் திருடின்னு சொன்னாரு. விலை ஏறுனதுக்கு நான்தான் காரணம்னாரு. உண்மையில என்ன காரணம்னு இங்க சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் குடிங்கன்னு சொல்ல மாட்டாங்க."

ராக்கான் புன்னகை மாறாமல் தொடங்கினார். குழாய் வெடிப்பு என்றார். உலகச் சந்தை என்றார். "வரிய விட்டுட்டீங்களே பேக்!" என்றது பின்வரிசை. "ஒப்பந்தம்! எரிக்காத கரண்டுக்கும் காசு குடுக்கிற ஒப்பந்தம்!" என்று இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சமாதானம் பேச வந்த ஜாஹா தங்களுக்குள்ளேயே கட்சி பிரிந்து கத்த ஆரம்பித்தது. அபூ மித்இப் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

"ராக்கான், அந்த ஒப்பந்தம் சபைக்கு வந்தப்போ நீ இருந்தியா?"

"இருந்தேன், அபூ மித்இப். எல்லாரும் கையத் தூக்குனோம்."

"படிச்சியா?"

ராக்கான் எழுந்தார். "நான் அவமானப்படுறதுக்கு இங்க வரல. வாங்க, போகலாம்."

ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? சின்ன ஜாஹாவாக இருந்தால் நழுவியிருக்கலாம். இத்தனை பெரிய மனிதர்களைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தது அவர்தானே? கிண்ணத்தை அப்படியே விட்டுப் போனால் நாளைக்கு ஒவ்வொரு குலமும் தலைகுனிய வேண்டும்.

"உன்ன நம்பி என் கிண்ணத்தக் கீழ வச்சுட்டேன்" என்றார் கிழவர். "உக்காரு. படிச்சியா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப அதையே வானொலியில சொல்லட்டும்" என்றாள் அம்ஷா. "எங்க என்னத் திருடின்னு சொன்னாரோ, அங்க. சாயங்கால நிகழ்ச்சி இப்ப ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

ராக்கான் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் நிறைந்த கிண்ணங்கள். கடைசியில் போனை எடுத்தார். யாரோ காரிலிருந்த வானொலியைச் சத்தமாக வைத்தார்கள்.

"நான் எம்.பி. ராக்கான் பேசுறேன். கிழக்குச் சரிவு அம்ஷா திருடல. நான் சொன்னது பொய். விலை ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தப் படிக்காமலே கையத் தூக்குனேன்."

சரிவெங்கும் ஜன்னல்களிலிருந்து பெண்களின் குலவைச் சத்தம் கிளம்பியது. முஸ்லிஹ் அம்ஷாவின் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. தலையசைத்தாள்.

"காப்பியக் குடிங்க" என்றான் முஸ்லிஹ். "வழக்கு வாபஸ்."

சில்லிட்ட கசப்பை எல்லாரும் ஒரே மடக்கில் விழுங்கினார்கள். ராக்கான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காரில் ஏறினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"எங்க கிளம்பிட்டீங்க பேக்?" என்றாள் அம்ஷா. "என் வீட்டுக் கணக்குத்தான் தீந்தது. ஒரு வீடு பாக்கியில்லாம திருடுறோம்னுதான நீங்க சொன்னீங்க? பக்கத்து வீட்டு ஹலீமா காப்பி வச்சிட்டா. அதுக்கு அடுத்த வீட்டுலயும் கொதிக்குது. பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, நான் கதவத் தட்டுறேன்."

அபூ மித்இப் கைத்தடியை ஊன்றி எழுந்து, ஹலீமா வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.