அரை அங்குலக் கூன்

மார்லிஸ் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அதனால்தான் சொன்ன ஒரே பொய் மூன்று மாதமாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மினசோட்டாவில் முப்பது வருடம் மாட்டுப்பட்டிகளுக்கு இரும்புக் கதவு பற்றவைத்தவள் அவள். கதவு கொஞ்சம் கோணினாலும் மாடு புகார் சொல்லாது. ஓய்வு பெற்றதும் ஊர்ப் பூங்காவில் இருந்த குட்டி ரயில் சங்கத்தில் சேர்ந்தாள். முழங்கால் உயர எஞ்சின்மேல் குதிரைச் சவாரிபோல் உட்கார்ந்து ஓட்டும் அந்தச் சூரர்கள் அவளை மூன்று கோடை எலுமிச்சைச் சாறு விற்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். ஓடைமேல் இருந்த மரப்பாலம் உளுத்துப்போன பிறகுதான், வெல்டிங் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். கண்ணெதிரே இருந்தவளைக் கண்டுபிடிக்க ஒரு பாலம் உளுக்க வேண்டியிருந்தது.

இருபத்துநாலு அடி இரும்புப் பாலம். இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள். குளிர்காலம் முழுக்கத் தன் கொட்டகையில் பற்றவைத்தாள். அவசரத்தில் கீழ்ச்சட்டத்து இணைப்புகளையெல்லாம் முதலில் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். நூல் பிடித்துப் பார்ப்பதற்குள் மறுபக்கத்தையும் அதே வரிசையில் முடித்திருந்தாள். சூடு ஆறியதும் கீழ்ச்சட்டங்கள் சுருங்கி, இரண்டு பக்கமும் நடுவில் அரை அங்குலம் மேலே கூன் போட்டு நின்றன. தப்பைக்கூட ஒரே அளவில் செய்திருந்தாள்.

மார்ச் மாதம் சங்கத்தார் பார்க்க வந்தார்கள்.

"என்ன மார்லிஸ், பாலம் கேட்டா ஒட்டகம் வளத்திருக்க?" என்றான் டுவெய்ன். சங்கத்திலேயே கனமான ஆள் அவன்தான்.

"வேணும்னுதான் வளைச்சேன். பாரம் ஏறினா கொஞ்சம் இறங்கும்ல," என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

தலைவர் வெண்டல் நெடுஞ்சாலைப் பாலங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். தாடையைச் சொறிந்துகொண்டே குனிந்து வெல்டுகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை சோதனை ஓட்டம். மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் ஏறுவார்கள். மார்லிஸுக்குக் காலையில் காபிகூட இறங்கவில்லை. தன் மானம் போனால் போகட்டும். தான் சொன்ன பொய்யின்மேல் அல்லவா குழந்தைகள் உட்காரப்போகின்றன!

பாலம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, அதன் அடியில் அளவுமானியைப் பொருத்திக்கொண்டிருந்த வெண்டலிடம் போனாள்.

"வெண்டல், அந்தக் கூன் நான் வேணும்னு வெச்சதில்ல. சூட்டுல தானா வளைஞ்சுடுச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"கீழ தொங்கியிருந்தா அன்னைக்கே அறுக்கச் சொல்லியிருப்பேன். இது மேல தூக்கியிருக்கு. நாங்க பெரிய பாலத்துக்கு மெனக்கெட்டு வளைப்போம், நீ தெரியாம வளைச்சிட்ட. உன் வெல்டு ஒவ்வொண்ணையும் தட்டிப் பாத்துட்டேன். போய் உக்காரு."

கட்டியவர் முதல் பெட்டியில் உட்கார வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். அவளுக்குப் பின்னால் டுவெய்னும் இன்னும் பத்துத் தடியர்களும் ஏறினார்கள். ரயில் பாலத்தின் நடுவில் போய் நின்றது.

"ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான் இறங்கியிருக்கு!" கீழிருந்து வெண்டல் கத்தினார். "இப்ப நகருங்க!"

ரயில் அக்கரை போய்ச் சேர்ந்தது.

"பாலம் நிமிந்துடுச்சு! பழைய இடத்துக்கே வந்துடுச்சு!" என்று மறுபடி கத்தினார் வெண்டல்.

மார்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

"கணக்கு கச்சிதம்! அடுத்த பாலத்துக்கும் இப்படியே வளைச்சிடு," என்றான் டுவெய்ன்.

"கணக்குமில்ல, ஒண்ணுமில்ல. அது தானா வளைஞ்சது. அன்னைக்குப் புளுகினேன்."

டுவெய்னின் முகம் வெளிறியது. "அடிப்பாவி! அப்ப நான் எதை நம்பி ஏறினேன்?"

"அவ வெல்டை நம்பி," என்றார் கரையேறி வந்த வெண்டல், முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டே.

அன்று மதியம் மார்லிஸ் மூன்று சாசேஜ் தின்றாள். மறுநாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயிலைப் பாலத்தின்மேல் ஓட்டியவளும் அவள்தான். எலுமிச்சைச் சாறு மேசையில் டுவெய்ன் உட்கார்ந்திருந்தான்.