வாசக்காலுக்கு வந்த லாஞ்சு

எங்கள் நைனார்பாளையத்துக்குக் கடலிலிருந்து வந்த ஒரே விருந்தாளி வயிறு பெருத்து, மூக்கு நீண்டு, பச்சை வர்ணம் செதில் செதிலாக உரிய, கயிறுகளால் கட்டுண்டு ஒரு லாரியின் முதுகில் உட்கார்ந்து வந்தது. மின்கம்பியில் அதன் மூக்கு இடித்துவிடாமலிருக்க லாரிக்கு முன்னால் ஒருவர் மூங்கில் கழியோடு ஓடினார். அவருக்குப் பின்னால் லாரி. லாரிக்குப் பின்னால் ஊர். ஊருக்குப் பின்னால், ஒன்றும் தெரியாததுபோல் நீலமாகப் படுத்திருந்த கல்வராயன் மலை. அன்று காலை அது மலையாகவே இல்லை. கரைக்கு வர மறந்துபோய் அப்படியே நின்றுவிட்ட பேரலை என்றுதான் எனக்குத் தோன்றியது.

லாரியை ஓட்டி வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மலையிலிருந்து இறங்கும் புளியையும் கடுக்காயையும் ஏற்றிக்கொண்டு கடலூர் போவார். திரும்பும்போது உப்பு ஏற்றி வருவார். நாங்கள் அப்போது கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, பக்கத்தில் கொட்டகை போட்டுத் தங்கி, மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அஸ்திவாரம் மட்டும் எழும்பியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் பழைய மரம் கிடைக்குமே, வாசக்காலுக்கு ஆகிறாற்போல நல்ல தேக்காக ஒரு கட்டை பார்த்து வாடா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மாமாவோ ஒரு முழம் பூ கேட்டால் தோட்டத்தையே பெயர்த்து வருகிற ஆள்.

அப்பா லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா மச்சான் இது?"

"தேக்கு, மாமா."

"தேக்குன்னு தெரியிது. அத்த சுத்தி ஏன் படகு இருக்குது?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு மரக்கடையில் பளபளப்பான புது மரத்தை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார் என்பதும், அதை அம்மாவிடம் சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். என் வயதுப் பிள்ளைகளுக்கு அப்பாக்களின் ரகசியம் எல்லாம் தெரியும். அம்மாக்களுடையதுதான் பிடிபடாது.

லாஞ்சைக் களத்துமேட்டில் இறக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். எஞ்சினை முன்பே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வட்டமான சுக்கான் சக்கரம் மட்டும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைத் திருப்பினோம். நைனார்பாளையம் அன்று முழுக்க இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. தேன் விற்க இறங்கிவந்த மலைக்காரர் ஒருவர் தோளிலிருந்த குடுவையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்து, "மழ ஜாஸ்தியா வரும்னு உங்களுக்கு மட்டும் யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். அப்பா அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆசாரி வந்தார். பலகைகளைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உளியால் லேசாகக் கிள்ளி நாக்கில் வைத்தும் பார்த்தார். உப்புக் கரித்ததோ என்னவோ, முகம் சுருங்கியது. பக்கவாட்டுப் பலகையெல்லாம் வளைந்து கிடக்கிறது, வாசக்காலுக்கு உதவாது என்றார். பிறகு குனிந்து அடியில் நீளமாக ஓடிய ஏராக்கட்டையைப் பார்த்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். படகின் முதுகெலும்பு அது. அதன்மேல்தான் மொத்தப் படகும் நிற்கும்.

"நூலு புடிச்சாப்ல கீதேம்மா. இந்த மாரி மரம் இப்ப ஏது?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. மாமா என் தலையில் குட்டினார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் என் தலைதான் மேளம்.

"ஆனா," என்றார் ஆசாரி, "இது எந்த வூட்டு மரம்?"

எங்கள் பக்கத்தில் பழைய மரத்தை வாசக்காலுக்கு எடுக்கும்போது இந்தக் கேள்வி உண்டு. மரம் வந்த வீடு வாழ்ந்த வீடா, கெட்டுப் பிரிந்த வீடா? அகாலச் சாவு ஏதும் நடந்ததா? அது தெரியாமல் எந்த ஆசாரியும் இழைப்புளியைத் தொடமாட்டார். வாசக்கால் தினம் தினம் நம்மை உள்ளே விடுவது. தான் கண்டதையும் கூடவே உள்ளே விடும் என்று நம்பிக்கை. படகுக்கு ஏது வீடு என்று யாருமே கேட்கவில்லை. படகில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பிட்டிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். அப்புறம் அது வீடில்லாமல் என்ன? இதில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள். ஆனி பாதி போய்விட்டது. ஆடியில் வாசக்கால் வைக்க முடியாது. அதற்குள் லாஞ்சின் கதை தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் கள்ளக்குறிச்சி மரம்தான்.

"நான் போயி விசாரிச்சிக்கினு வரேன்க்கா," என்றார் மாமா.

அம்மா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கத வுடுவ. பாப்பாவ கூட்டிக்கினு போ. அது காதால கேட்டத வந்து சொல்லட்டும்."

இப்படித்தான் நான் சாட்சியானேன். வாழ்க்கையில் அப்புறம் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று, எத்தனையோ ஊர் மாறியாயிற்று. அந்த உத்தியோகத்துக்கு நிகரான பெருமை ஒன்றிலும் வாய்க்கவில்லை.

லாரி பழுதுக்குப் போயிருந்ததால் பஸ்ஸில் போனோம். அடையாளம் காட்டுவதற்குச் சுக்கான் சக்கரத்தைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார் மாமா. என் மடியில்தான் அது உட்கார்ந்து வந்தது. கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு டிரைவருக்குக் கேட்கும்படி கத்தினார்: "அண்ணே, ஒங்க ஸ்டேரிங்கு புட்டுக்கிச்சின்னா கவலப்படாதீங்க. இங்க ஒரு பாப்பா ஸ்பேரு வச்சிக்கினு கீது!" பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தியாகதுருகம் மலைக்கோட்டை ஜன்னலில் வந்து மெல்லச் சுழன்று பின்னால் போனது. அதைத் திருப்பியது நான்தான்.

கடலூரில் லாஞ்சை விற்ற மரக்கடைக்காரர் பேசப் பேச வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தெறித்தது. அது வெள்ளைக்காரத் துரை ஒருவர் உலாப் போன லாஞ்சாம். அடியிலிருந்து நுனிவரை பால்போல வெள்ளை வர்ணமாம். துரையம்மா அதில் பியானோ வாசிப்பாளாம். மாமா வாயைப் பிளந்து கேட்டார். அம்மாவிடம் சொல்லுவதற்கு எவ்வளவு அழகான கதை! ஆனால் களத்துமேட்டில் நாங்கள் பிள்ளைகள் அந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டியே பொழுதைப் போக்கியவர்கள். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி, அதற்குக் கீழே தார். வெள்ளை எங்கேயும் இல்லை.

"தொர எங்க ஒக்காந்தாரு, தாரு மேலயா?" என்றேன்.

கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னை உற்றுப் பார்த்தார். "பாப்பா இன்னா, போலீஸ்காரர் வூட்டுதா?" பிறகு குரல் இறங்கியது. பரங்கிப்பேட்டையில் வாங்கியது என்றும், அதற்குமேல் சத்தியமாக ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார்.

பரங்கிப்பேட்டையில் மாமா சக்கரத்தை ஜாதகம் காட்டுவதுபோல ஒவ்வொருவரிடமும் காட்டினார். ஒருவர் மீன்பிடித்த லாஞ்சு என்றார், ஒருவர் சுங்கத்து லாஞ்சு என்றார், டீக்கடைக்காரர் ஒருவர் சினிமாவில் நடித்த லாஞ்சு என்றே சொல்லிவிட்டார். வெயில் ஏறிற்று. வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் எது ஆறு, எது கடல் என்று இரண்டுக்குமே தெரியாமல் தண்ணீர் தவித்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கடைசியாகக் காட்டினோம்.

அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் ஒரே ஓர் ஆரக்காலைப் பார்த்தாள். மற்றதெல்லாம் தேக்கு, அது மட்டும் கறுத்த வேறு மரம். அதை நாங்கள் கவனித்ததே இல்லை. அவள் அதைத் தடவினாள்.

"இது எங்க வூட்டு ஒலக்க," என்றாள்.

லாஞ்சு ஓட்டுகிறவரைச் சாரங்கு என்பார்களாம். அவள் சாரங்கின் மனைவி. ஒரு புயலில் ஆரக்கால் முறிந்தபோது அவர் வீட்டு உலக்கையை அறுத்துச் சக்கரத்தில் பொருத்திவிட்டார். "அப்பறம் நெல்லு குத்த நான் பக்கத்து வூட்டுக்கு ஓடணும். எத்தினி சண்ட தெரியுமா? சோறு கேட்டா, ஒன் லாஞ்சாண்ட போயி கேளுன்னுவேன்." பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏற்றிய லாஞ்சு அது. ஒரு தடவை கல்யாணக் கூட்டத்தோடு மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் ஏறினால்தான் நகரும், முகூர்த்தமோ நிற்காது. சாரங்கு எஞ்சினை முடுக்கிவிட்டு, "இதான் மோளம், கட்டுடா தாலிய" என்றாராம். ஆற்றின் நடுவில் தாலி ஏறிற்று. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா என் தலையில் குட்டினார். வாசக்காலுக்கு இதைவிடச் சகுனம் உண்டா?

சிரித்து முடித்தவள் அதே குரலில் சொன்னாள்: "அந்தச் சக்கரத்த புடிச்சிக்கினேதான் செத்தாரு."

லாஞ்சு நிறைய ஆள். பாதி ஆற்றில் மார்பைப் பிடித்துக்கொண்டாராம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லாஞ்சு நேராக வந்து கரையில் மெதுவாக மூக்கை வைத்தது. எல்லோரும் இறங்கினார்கள், கோழிக்கூடைகூட இறங்கியது. சாரங்கு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மாமா துண்டை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றப் போனார். அப்புறம் சக்கரத்தை அவள் பக்கம் நகர்த்தி, "நீங்களே வச்சிக்கோங்க பெரீம்மா," என்றார். எனக்குக் கோபமான கோபம்.

திரும்பும் பஸ்ஸில் மாமா எனக்குப் பாடம் நடத்தினார். "பாப்பா, பொய் சொல்ல வாணாம். வரிசய மட்டும் பாத்துக்கோ. மொதல்ல கல்யாணம். நடுவுல ஒலக்க. ஆசாரி சிரிச்சிக்கினு இருக்கும்போது கடசியா, தூக்கத்துல சொல்றாப்ல, அந்த விசயம். இன்னா?" நான் உளுந்தூர்பேட்டை வரைக்கும் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். கல்யாணம், உலக்கை, சாவு. கல்யாணம், உலக்கை, சாவு.

கொட்டகையில் அம்மா, அப்பா, ஆசாரி மூன்று பேரும் காத்திருந்தார்கள். "சக்கரம் எங்க?" என்றார் அப்பா. அந்தக் கேள்வி வரிசையில் இல்லை. எனக்குள் எல்லாம் கலைந்து, அடியில் இருந்தது முதலில் வந்து விழுந்தது.

"ஓட்னவரு அத்த புடிச்சிக்கினே செத்துட்டாரு."

ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மிகவும் துக்கமான முகத்தோடு, நாளைக்கே கள்ளக்குறிச்சி போய் வந்துவிடுகிறேன் என்றார். அந்தத் துக்கத்துக்குள் எவ்வளவு குதூகலம்! நான் அழுதுகொண்டே உலக்கையையும் கல்யாணத்தையும் பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மா மட்டும் என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "அழாத. லாஞ்சில ஏறுனவங்க இன்னா ஆனாங்க?"

"எல்லாரும் எறங்கிட்டாங்கம்மா. கோழிகூட."

"நல்லா கேட்டியா? ஒருத்தரு பாக்கியில்லாம?"

"அந்தப் பெரீம்மாதான் சொன்னாங்க. கரையில கொணாந்து வச்சிட்டுத்தான்."

அம்மா எழுந்து நின்றாள். "ஆசாரி, ஒக்காருங்க. அத்தினி பேரையும் கரையேத்துன மரம். இத வுட நல்ல மரம் எனக்கு வாணாம்."

ஆசாரி வாசல் பக்கம் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், களத்துமேட்டைப் பார்த்தார். பிறகு துண்டை இறக்கி மறுபடி விரித்து அதன்மேல் உட்கார்ந்து, உளி தீட்டுகிற கல்லைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா மூச்சுவிடவில்லை. நல்ல மனிதர், அம்மா அந்தக் குரலில் பேசினால் அவர் எப்போதுமே மூச்சுவிட்டதில்லை.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் வாசக்கால் நின்றது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தொங்கவிட்டார்கள். சுற்றிலும் சுவரே இல்லாத வெட்டவெளியில் வாசல் மட்டும் நின்றது. அதன் வழியாகக் கல்வராயன் மலை ஒரு படம்போலத் தெரிந்தது. முதலில் யார் நுழைவது? வீட்டுத் தலைவர் அப்பா. இல்லையென்றால், நியாயமாகப் பார்த்தால், சாட்சி சொன்ன நான். புதுப்பாவாடை வேறு கட்டியிருந்தேன்.

மாமா அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு, உப்பு அப்பிய சட்டையோடு வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார். அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "சட்டையெல்லாம் அழுக்குக்கா," என்றார் மாமா. "வாடா," என்றாள் அம்மா. பொறந்த வூட்டு ஆளுக்கா முதல் நுழைவு என்று அப்பா வழிச் சொந்தங்களில் யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சும்மா இருக்கும்படி கை காட்டினார்.

அம்மா தம்பியை அந்த வாசலைத் தாண்ட வைத்தாள். தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகும் கையை விடவில்லை. அவர் எங்கேயோ போய்விடுவார்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா கூச்சத்தோடு சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை தூரம் பஸ்ஸில் சக்கரத்தைச் சுமந்தது யார்? கேட்டதை வந்து சொன்னது யார்? தினமும் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வருகிற ஆளை, புது வாசலில் முதல் ஆளாக நுழையவிட்டு அம்மா கண்கலங்க என்ன இருக்கிறது என்று, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் அடுத்ததாக உள்ளே குதித்தேன்.