சொல்லிவிட்டுப் போங்கள்

நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பார்வையில்லாதவரின் அறைக்குள் போகும்போதெல்லாம் பெயரைச் சொல்ல வேண்டும்; வெளியே வரும்போது, போகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அப்படி மொட்டையாகச் சொல்ல நம் வாய்க்கு வருமா? சேர்ந்த புதிதில், கண் தெரியாத இங்கர் அம்மாவிடம் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதை அப்படியே நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அவர் கோப்பியைக் குடிக்காமல் காத்திருந்தாராம். மறுநாள் விளக்கிச் சொன்னதும் சிரித்தார். "அப்படியென்றால் உங்கள் ஊரில் ஒருவரும் போவதே இல்லையா?"

போகிறார்கள் அம்மா, நன்றாகவே போகிறார்கள். போன விடுமுறைக்குத் திருகோணமலைக்குப் போனபோது என் அண்ணா ஆஸ்பத்திரியில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. இப்போது காலில் ஆறாத புண். நேர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, வந்தார். அண்ணாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு நோ இருக்கோ?" என்று கேட்டார்.

"அவரிட்டைக் கேளுங்கோ."

உடனே குனிந்து, "ஐயா! நோகுதோ?" என்று கத்தினார். போனது கண், காது இல்லை! பிறகு மேசையில் மாத்திரைகளை வைத்து, "குளிசை இஞ்ச வச்சிருக்கு" என்றார். இஞ்ச என்றால் எங்கே? அண்ணா கையால் தடவியபடி, "மிஸி, இது சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" என்றார். மிஸி அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆளில்லாத பக்கம் முகத்தைத் திருப்பி அண்ணா மறுபடியும் கேட்டார், மரியாதையாக. யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எழுந்துபோய், "ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனால் என்ன குறைஞ்சுபோகும்?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டில இருந்து வந்து லேசாக் கதைக்கிறியள். இந்த வாட்டு முழுக்க நான் ஒராள்."

அது உண்மைதான். ஆனால் வாயைத் திறக்க எத்தனை ஆள் வேண்டும்? வாசல் படலையடியில் நின்று ஒன்பது தரம் போட்டு வாறன் சொல்கிற சனம், கண் தெரியாதவரிடம் மட்டும் ஏன் சொல்லாமல் நழுவுகிறது? அதை இன்னும் உரக்கக் கேட்க வாயெடுத்தேன்.

"தங்கச்சி, இஞ்ச வா" என்றார் அண்ணா. போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. நீ ஞாயிற்றுக்கிழமை போயிடுவாய். திங்கக்கிழமை எனக்குப் புண் கழுவுறது அவதான்."

மிஸியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

அண்ணா இன்னும் அதே கட்டிலில்தான். இன்று இங்கர் அம்மாவுக்கு மதியச் சாப்பாடு வைத்தேன். மீன் உங்களுக்குக் கிட்ட, முள் எடுத்தாயிற்று, கிழங்கு இடப்பக்கம், தண்ணீர் வலது கைக்கு நேரே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருகோணமலையில் அப்போது மாலை ஐந்து மணி, வாட்டில் இராச்சாப்பாட்டை வேளைக்கே கொடுத்து முடிக்கிற நேரம். அண்ணாவுக்குச் சொல்ல வேண்டிய அவ்வளவையும், அவருக்கு விளங்காத மொழியில், நான் இங்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.