எருமைக் கொம்புக்கு ஓர் ஊதுபத்தி

கோலார் ரயிலில் எங்கள் பெட்டிக்கே மாங்காய் நறுக்குவது நான்தான். போன மாதம் நறுக்கும்போது என் புது மடக்குக் கத்தியின் கைப்பிடி பிளந்து, அலகு கட்டைவிரல்மேல் மடங்கிவிட்டது. மூன்று தையல்.

மறுநாளே மல்லேஸ்வரத்தில் அதை விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

“அசல் எருமைக் கொம்பு மேடம், உடையவே உடையாது. உங்களுக்குத்தான் பிடிக்கத் தெரியல.”

தையலைக்கூட மன்னித்திருப்பேன். இந்தப் பேச்சை மன்னிக்க முடியவில்லை. விரல் ஆறும்வரை காத்திருந்தேன்.

இன்று மாலை போனபோது கடையில் ஒரு பெரியவர் மரக் கைப்பிடிக் கத்தியையும் கொம்புக் கைப்பிடிக் கத்தியையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொம்பே எடுத்துக்கோங்க சார், காலத்துக்கும் நிக்கும்” என்றார் கடைக்காரர்.

நான் என் உடைந்த கத்தியைப் பையிலிருந்து எடுத்தேன். சாமி படத்துக்கு முன் புகைந்த ஊதுபத்தியை உருவி, அதன் நெருப்பைக் கைப்பிடியில் அழுத்தினேன்.

அசல் கொம்பாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். இதில் பிளாஸ்டிக் பக்கெட் எரியும் நாற்றம்தான் வந்தது.

“இதுவாப்பா உன் எருமை?” என்று கேட்டுவிட்டு, மரக் கைப்பிடிக் கத்தியையும் வைத்துவிட்டு இறங்கிப் போனார் பெரியவர்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “மேடம், மரக் கைப்பிடிக் கத்தி ஒண்ணு சும்மாவே எடுத்துக்கோங்க.”

“எனக்குத்தான் பிடிக்கத் தெரியாதே அண்ணா.”

ஊதுபத்தியை மட்டும் பத்திரமாகத் திருப்பி வைத்தேன். சாமிமேல் எனக்குக் கோபமில்லை.

வேறு யாருக்காவது அங்கே கத்தி வாங்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், துணைக்கு வருகிறேன். ஒரு பாக்கெட் ஊதுபத்தி என் பையிலேயே இருக்கிறது.