விளக்கம் கேட்டு உட்கார்ந்த குழு

உங்கள் பையில் இருக்கும் கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வட்டி? பார்க்காமல் சொல்ல முடியுமா? முடியாதென்றால், தியாகதுருகத்து நிர்மலாவைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நிர்மலா ஒரு தனியார் பள்ளியின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். சாயங்காலத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் விழுந்தது அந்தக் குடும்பத்தில் முதலில் அவளுக்குத்தான். அதைப் பார்த்து வங்கியே தேடி வந்து கார்டு கொடுத்தது. அதில் ஒரு பெரிய கிரைண்டரும் பிரிட்ஜும் வாங்கினாள்.

பில் முழுக்க ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படித்ததில் இரண்டு கட்டங்கள் புரிந்தன: மொத்தப் பாக்கி ஒன்று, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது மற்றொன்று. இரண்டாவதை மாதம் தவறாமல் கட்டினாள். அவள் பழகியதெல்லாம் மகளிர் குழுக் கடன். அங்கே கேட்ட தவணையைக் கட்டினால் கடன் குறையும். கட்டாவிட்டால் குழுவே திரண்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். பணம் வரும்வரை எழாது. நிர்மலாவின் வாசலில் யாரும் உட்கார நேர்ந்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் கூலி அறுப்புக்கு வெள்ளிமலை போனாள். அங்கே டவர் இல்லை. பணம் கட்ட ஓடிபி வேண்டும், அது மலையேறவில்லை. கீழே இறங்கிக் கட்டியபோது இரண்டு நாள் பிந்திவிட்டது. அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் போட்டிருந்தார்கள். வட்டி விகிதத்தையும் ஏற்றியிருந்தார்கள். மொத்தப் பாக்கியோ கிரைண்டரும் பிரிட்ஜும் வாங்கிய நாளில் இருந்ததைவிட அதிகம்.

வேறொருத்தி அழுதிருப்பாள். நிர்மலாவுக்கு அதிசயமாக இருந்தது. கட்டக் கட்ட ஏறுகிற கடன் எப்படிச் சாத்தியம்? குழுத் தலைவி பெரியம்மாளிடம் காட்டினாள்.

"இன்னாடி இது, மாவு மாதிரி பொங்கிக்கினு போவுது?"

"அதான் அக்கா எனக்கும் புரியல. பேங்க்குல போய் கேட்டா வேற எதையோ பேசி அனுப்பிடறாங்க."

"வூட்டு வாசல்ல போய் உக்காருவோம்."

"யார் வூட்டு வாசல்ல?"

"பேங்க்கு வாசல்லதான்."

மறுநாள் கள்ளக்குறிச்சிக் கிளையில் ஏழெட்டுப் பெண்கள் நாற்காலி பிடித்து உட்கார்ந்தார்கள். அதிகாரி பிரவீன்குமார் பதறி எழுந்து வந்தான்.

"இன்னாம்மா வேணும்? லோனா?"

"காசு வாணாம் தம்பி," என்றாள் பெரியம்மாள். "விளக்கம் சொல்லு, போயிடறோம். அவசரமில்ல, சோறு கட்டிக்கினுதான் வந்திருக்கோம்."

வேறு வழியில்லாமல் அவன் பில்லைத் தமிழில் படித்தான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் நீளும், மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று பில்லிலேயே அச்சடித்திருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி. விதிமுறைகளையும் படிக்கச் சொன்னாள் நிர்மலா. படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். மீண்டும் அதே வரியைப் படித்தான்.

"மூணு நாளைக்கு மேல போனாத்தான் அபராதம் போடலாம்னு இருக்கு. உங்களுக்கு ரெண்டு நாள்தான். எனக்கே இப்பதான் தெரியுது. எழுதிக் குடுங்க, எடுக்கச் சொல்றேன்."

ஏற்றிய வட்டியையும் சேர்த்தே எழுதிக்கொடுத்தாள் நிர்மலா. "இந்தக் கார்டை மூடிடவா?" என்று கேட்டாள்.

"மூடவே வாணாம். மாசாமாசம் முழுசா கட்டினா வட்டியே இல்ல."

"முழுசா கட்ட முடிஞ்சவங்களுக்கு வட்டி இல்ல. முடியாதவங்களுக்கு வட்டி. தலகீழா இல்ல இருக்குது?"

அவன் பில்லை மடித்து அவளிடம் நீட்டினான்.

வெளியே டீக்கடையில், கூட வந்த குழுப் பெண்களில் ஒருத்தியான ராஜாம்பாள் மடக்கினாள். "மூடிட்டு, நாளைக்கு கிரைண்டரு நின்னுபோனா? கந்துவட்டி நாராயணசாமி கிட்ட கை நீட்டுவியா?"

மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியின் முள் அங்கேதான் இருந்தது. கார்டு போனால் அவசரத்துக்கு நாராயணசாமி வாசல்தான் என்று தோன்றியது. நிர்மலா டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தாள்.

"நாராயணசாமி வட்டி இன்னான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். இவங்க சொல்லல. ரெண்டுமே வாணாம் அக்கா. குழுக் காசுல குடுங்க, இதை முழுசா அடைச்சு மூடிடறேன். கிரைண்டரு நின்னா உங்க கிட்டயே வரேன்."

"கட்டலன்னா உன் வாசல்ல வந்து உக்காருவோம்," என்றாள் பெரியம்மாள்.

"வாங்க. இட்லி சுட்டுத் தரேன்."

அபராதமும் கூடுதல் வட்டியும் அடுத்த பில்லில் கழிந்தன. குழுக் கடனில் பாக்கியை அடைத்து, கார்டை மூடச்சொல்லித் தமிழில் எழுதிக் கொடுத்தாள். மூடியாயிற்று என்று வங்கி எழுத்தில் தரும்வரை விடவில்லை.

புரியாத மொழியில் எச்சரித்துவிட்டு, எச்சரித்தோமே என்று சொல்வதற்குப் பெயர் நேர்மையா? உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் அல்லவா? உங்கள் தெருவில் கார்டு வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்கு இன்று போங்கள். அவருடைய பில்லை வாங்கி, அந்தப் பொடி எழுத்துகளை வரி விடாமல் தமிழில் படித்துச் சொல்லுங்கள்.