பாலத்தில் முளைத்த அரசங்கன்று

எங்கள் மலையடிவாரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கல்வளைவுப் பாலம் இருந்தது. அதைக் கட்டியது வெள்ளைக்காரத் துரை என்று இக்கரையில் நாங்கள் சொல்வோம். மகாராஜா என்று அக்கரையில் சொல்வார்கள். இக்கரையில் சர்ச், அக்கரையில் அம்மன் கோயில், வேறெப்படிச் சொல்வார்கள்? சுண்ணாம்போடு கருப்பட்டி கலந்து கட்டியது, இடி விழுந்தாலும் அசையாது என்பதில் மட்டும் இரண்டு கரைக்கும் ஒரே பேச்சு.

அம்மாவும் அக்கரையில் இருந்த அவளுடைய கூட்டுக்காரியும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். வேலையை விட்ட பிறகும் சாயங்காலமானால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோவாள், அவள் மீன்கறி கொண்டுவருவாள். அப்படி என்னதான் பேசுவார்களோ, இருட்டத் தொடங்கியதும் நான் போய்க் கூப்பிட வேண்டும்.

அவர்கள் காலுக்குக் கீழே, வளைவின் கல்லிடுக்கில், ஒரு அரசங்கன்று முளைத்தது. கையால் பிடுங்கினாலே வந்துவிடும் போலிருந்தது. அண்ணன் வெட்டுக்கத்தியோடு இறங்கியபோது அம்மா தடுத்துவிட்டாள்.

“ஏலே, அதத் தொடாத. அவியளுக்க சாமி மரமாக்கும். அவ மனசு சங்கடப்படும்.”

எங்கள் கரையில் எல்லோருக்கும் அதே மரியாதை. கன்று மரமானது, வேர் கல்லைத் தள்ளியது, ஒரு மழைக்காலத்தில் பாதி வளைவு ஆற்றோடு போயிற்று. வெகுதூரம் தள்ளிப் புதுப் பாலம் கட்டினார்கள். அந்த வழியாக அக்கரைக்குப் போக பஸ் ஏறிச் சுற்ற வேண்டும். மூட்டுவலியோடு அம்மாவுக்கு அது முடியவில்லை. போனில் பேசு என்று கையில் கொடுத்தால், “கேக்கியா? கேக்கியா?” என்று கத்திவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுவாள். சாயங்காலங்களில் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த மரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா இறந்த அன்று கூட்டுக்காரி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு பாலத்துக்குத்தான் வந்தது.

“அரச மரத்த நாங்க வெட்டப்பிடாது மக்கா. நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, உங்களுக்கு ஒண்ணுமில்லல்லா. நீங்க வெட்டிப் போடுவியன்னு நாங்க எல்லாரும் பாத்துட்டே இருந்தோம்.”

அண்ணனை அம்மா தடுத்ததை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் எழுந்துபோய், பெட்டியில் கிடந்த அம்மாவின் காலைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏட்டி, தெனமும் எனக்க பக்கத்துலதானேட்டி இருந்த. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”